தங்கச்சியின் முடியும் என் கண்ணும்

என் தங்கச்சியை மெலிய வைத்தது நான்தான். மருந்தை எழுதிக் கொடுத்தது கொழும்பு டொக்டர். அதை வெள்ளிக்கு வெள்ளி அவளுடைய வயிற்றில் குத்தியது இந்தக் கை. ஜும்ஆத் தொழுகைக்கு ஆம்பிளைகள் பள்ளிக்குப் போனதும் செருப்பை இழுத்துக்கொண்டு அவள் என் வீட்டுக்கு வருவாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பேனை மாதிரி ஊசி. “பிஸ்மி சொல்லிக் குத்துங்க ராத்தா” என்று கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் பிஸ்மி சொல்லித்தான் குத்தினேன். மனதுக்குள் வேறு என்னவெல்லாமோ சொன்னேன், அதை அல்லாஹ் அறிவான்.

மவுத்தாகிப்போன எங்கள் உம்மாவுக்கு வருஷக்கணக்காக இன்சுலின் போட்டவள் நான் என்பதால் இந்த உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. உம்மா தந்த சீதனத்தில் ஆளுக்கொரு வீடு, ஆளுக்கு மூன்று தென்னை, ஆளுக்குக் கொஞ்சம் சீனி வருத்தம். சாய்ந்தமருதில் எங்கள் வளவில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. ஒரு மாதுளை மரமும் என் கோழிக்கூடும்தான் எல்லை. அவளுடைய மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. என்னுடைய மனுசனுக்குக் கல்முனையில் கடை. நான் வீட்டிலிருந்து பெண்களுக்குத் துணி தைக்கிறேன்.

சின்னதிலிருந்தே எங்களுக்குள் ஒரு பங்கு பிரித்தல் இருந்தது. வாயால் யாரும் சொன்னதில்லை. முடி அவளுக்கு, உடம்பு எனக்கு. அவளுடைய பின்னல் இடுப்பைத் தாண்டும். உம்மா அவளுக்கு எண்ணெய் வைக்கும்போது இரண்டு கை போதாமல் என்னையும் பிடிக்கச் சொல்வா. என் பின்னல் எலிவால். ஆனால் அவள் குண்டு, நான் கொடி. என் மாமி என்னைப் பெண் பார்க்க வந்தபோது “மெல்லிசான புள்ள” என்று சொன்னா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் காலம் தள்ளினேன். மூன்று பிள்ளை பெற்று நானும் பெருத்துப்போனேன்தான். இருந்தாலும் அவள் பக்கத்தில் நின்றால் போதும், நான் மெலிவாகத் தெரிவேன். குடும்பத்தில் படம் எடுக்கிறார்கள் என்றால் அவளைத் தேடிப் பிடித்து அவளுக்குப் பக்கத்தில் நிற்பேன். இதை இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

கொழும்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். ஒரே பஸ், ஒரே டொக்டர், ஒரே வருத்தம். அவர் அவளுடைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஊசியை எழுதினார். கிழமைக்கு ஒன்று, பசி குறையும், சீனியும் இறங்கும், உடம்பும் இறங்கும் என்றார். பிறகு என்னுடையதைப் பார்த்தார். புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

“உங்களுக்கு முந்தி ஒருக்கா கணையத்தில வீக்கம் வந்திருக்கு. இந்த மருந்து உங்களுக்கு வேணாம். சோத்தக் குறைச்சு, நடந்து பாருங்க.”

நடக்கவாம்! பன்னிரண்டு மணித்தியாலம் தையல் மெஷினில் குந்தியிருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முன் சீட்டுக்காரரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் மாதத்திலேயே வேலை காட்டியது. எங்கள் ஊரில் சோறு இறங்கவில்லை என்றால் அதை வருத்தம் என்று சொல்வார்கள். அவளுக்கு அதுவே மருந்தாகிவிட்டது. மத்தியானம் இரண்டு கரண்டிச் சோறு. அதிலும் பாதி பீங்கானில் கிடக்கும். மீனை முகத்துக்கு நேரே கொண்டுபோக முடியாது. “மணமே ஒத்துக்கொள்ளுதில்ல ராத்தா, நீங்க தின்னுங்க” என்று பொரித்த பாரைத் துண்டை அப்படியே கொண்டுவந்து தருவாள். நானும் தின்றேன். அவளிடமிருந்து குறைந்ததெல்லாம் நேரே என் இடுப்பில் வந்து ஏறியது என்று சத்தியம் செய்வேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அவளுடைய உடுப்புகளை ஒடுக்க வேண்டியதும் நானல்லவா! முதல் மாதம் அபாயாவில் இரண்டு அங்குலம் பிடித்தேன். மறு மாதம் மூன்று. அதற்கடுத்த மாதம் பிடிக்க முடியாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அளவு நாடாவை அவள் இடுப்பில் சுற்றி இலக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறெரிந்தது. மனுசன் கடைக்குப் போனபின் அதே நாடாவை என் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என்ட ரப்பே, முடியும் அவளுக்கு, உடம்பும் அவளுக்கு, அப்படியென்றால் எனக்கு எதைத்தான் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஊசி நூலோடு கேட்கிற துஆவா அது? சண்டை.

நாலாம் மாதம் என் மூத்த மகளுக்குக் கலியாணம்.

மணப்பெண்ணின் உம்மா நான். அந்தப் பச்சைச் சேலைக்கு மூன்று கிழமை கையால் மணி கோத்தேன். ஆனால் பெண்கள் பக்கத்தில் யார் என்னைப் பார்த்தார்கள்? உள்ளறையில் பெண்கள் மட்டும் என்பதால் எல்லாரும் அபாயாவைக் கழற்றி, முக்காட்டை எடுத்துவிட்டு, விசிறிக்குக் கீழே இருந்தோம். தங்கச்சி கொண்டையை அவிழ்த்தாள். மருதாணி போட்டுச் சிவந்த நுனியோடு அந்த முடி இறங்கி இடுப்பில் விழுந்தது. அந்த இடுப்பு இப்போது இடுப்பாகவே இருந்தது. அறையில் இருந்த எட்டுப் பெண்களும் வாயைத் திறந்தார்கள்.

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமி அவளைப் பார்த்து, “இது ஆரு, பொண்ணுட ராத்தாவா?” என்று கேட்டா.

என் மகளுடைய ராத்தா! அப்படியென்றால் நான் யார், அவளுக்கும் உம்மாவா? எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி வெட்கப்பட்டு, “இல்லகா, சாச்சி. உம்மாட தங்கச்சி” என்றாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒடம்பக் கொறச்சிட்டா. இனி அந்த முடியும் கொஞ்சம் கொட்டினாத்தானே எங்களுக்கெல்லாம் ஒரு நியாயம்!”

பகிடியாகத்தான் சொன்னேன். பகிடிக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தி பதறிப்போய், “மாஷா அல்லாஹ் சொல்லுங்ககா!” என்றாள். அது கண்ணூறு படாமல் இருக்கச் சொல்கிற சொல். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துச் சர்பத் தட்டு வந்தது. நான் தட்டை வாங்குகிற சாட்டில் எழும்பிப்போனேன். அந்த இரண்டு சொல்லும் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. நான்தான் விழுங்கினேன்.

கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் கோழிக்குக் குறுணல் போடப் போனபோது, என்னுடைய சிவப்புப் பேடு எதையோ இழுத்துக்கொண்டு ஓடியது. எலி என்று நினைத்துத் துரத்தினேன். அது போட்டுவிட்டுப் போனதைக் குச்சியால் புரட்டினால், முடி. ஒரு கைப்பிடி முடி, உருண்டையாகச் சுருட்டியது. நீளமான முடி. நுனியில் மருதாணிச் சிவப்பு.

எங்கள் பெண்கள் சீப்பில் வருகிற முடியைக் குப்பையில் போடமாட்டார்கள். பிற ஆம்பிளைகளின் கண்ணில் படக்கூடாது, வேண்டாதவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று சுருட்டி மண்ணில் புதைத்துவிடுவோம். கடற்கரை மணல், தோண்டுவது லேசு. கோழிக்கும் லேசு. மாதுளை மரத்தடியில் நான் கையால் கிளறினேன். இன்னொரு உருண்டை. அதற்குக் கீழே இன்னொன்று. ஆறு உருண்டை எண்ணினேன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பொய் சொல்லமாட்டேன். அப்படியே மணலில் குந்திக்கொண்டு, தங்கச்சியின் முடியை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கலியாண வீட்டில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. கையிலிருந்த முடி சுட்டது. கொட்டினாத்தான் நியாயம் என்றேன், கொட்டிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆறு உருண்டையையும் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்து, கோழி கிளறாமல் மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். உள்ளே போய்க் கையைக் கழுவினேன். மெஷினில் இருந்தால் நூல் ஊசிக்குள் போகவே மாட்டேன் என்றது.

அந்த வெள்ளி அவள் ஊசியோடு வரவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு, பஞ்செல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குத்பா ஓதி, தொழுகை முடிந்து, ஆம்பிளைகளும் வந்துவிட்டார்கள். பின்னேரம் நானே போனேன். குசினி அடுப்படியில் நின்றாள். வீட்டுக்குள்ளேயே முக்காட்டைக் காது மறையச் சுற்றிக் குண்டூசி குத்தியிருந்தாள். வீட்டில் ஆம்பிளை என்று ஒருவரும் இல்லை.

“ஊசி?”

“நானே குத்திக்கிட்டன் ராத்தா. ஒங்களுக்கு ஏன் சும்மா கரைச்சல்.”

ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவள் தானே குத்திக்கொண்டாளாம்! எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. வயிற்றைக்கூட என் கண்ணில் காட்டப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. பயமும் வந்தது. ஒளிவுமறைவில்லாமல் வளர்ந்த இரண்டு பேர் நாங்கள். உம்மா போனதற்குப் பிறகு எனக்கென்று இருக்கிறவள் இவள் ஒருத்திதான். தலைவலி என்றாலும் கத்திச் சொல்வது இந்த மாதுளை மரத்தைத் தாண்டி அவளுக்குத்தான். அவள் என்னைக் கண்டு முக்காடு போட்டால் நான் எங்கே போவேன்?

அவளுக்கு முடி திரும்ப வரவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்கும் துஆ கேட்டேன். கேட்கும்போதே நாக்கு வேறு பக்கம் போகும். இடுப்பு வரைக்கும் வேண்டாம் ரப்பே, தோள் வரைக்கும் போதும் என்று கேட்டிருக்கிறேன். சீ, நானும் ஒரு ராத்தா!

இப்படி நாலைந்து வெள்ளி போனது. ஒரு நாள் அவள் வந்து, “கட்டார்ல இரிக்கிற மனுசனுக்கு வேலையில ஏதோ கரைச்சலாம். செவ்வாய்க்கிழம பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி நாலு பொம்புளயளக் கூப்பிட்டு யாசீன் ஓதுவம் எண்டு நினைக்கன். நீங்களும் வாங்க ராத்தா” என்றாள். முகத்தைப் பார்க்காமல் மாதுளை மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கென்ன, போனேன். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகிற ஒளுவை என் வீட்டுப் பைப்பிலேயே செய்துகொண்டு போனேன். பத்து அடி தூரத்துக்கு அங்கே போயா செய்வார்கள்? பாயில் இருந்து சுற்றிப் பார்த்தேன். நாலு பேர் இல்லை, எட்டுப் பேர். மாப்பிள்ளை பக்கத்து மாமிகூட மருதமுனையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தா. கலியாண வீட்டில் அந்த விசிறிக்குக் கீழே இருந்த அதே எட்டுப் பெண்கள். ஒருத்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தங்கச்சி எல்லாரையும் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டாள். “மோட்டர் பழுதாப் போச்சிகா, பைப்பில தண்ணி வருதில்ல. நான் ஊத்திவிடுறன், ஒளு செய்ங்க” என்றாள். ஜக்கில் தண்ணீர் அள்ளி ஒவ்வொருத்தியின் கையிலும் ஊற்றினாள். கழுவின தண்ணீர் கீழே ஒரு பெரிய பேசனில் விழுந்தது. சட்டி முட்டி எடுக்கிற சாட்டில் நான் குசினி ஜன்னலடியில் போய் நின்றேன். எங்கள் வீடுகளில் கழுவின தண்ணீரை அப்படியே தென்னைக்கு வீசிவிடுவோம். அவள் வீசவில்லை. ஒருத்தி எழும்பிப் போனதும், பேசனைத் தூக்கி, மூடி போட்ட நீல வாளிக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். அடுத்தவள் வந்தாள். திரும்பவும் வாளிக்குள்.

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணூறு பட்டால், கண் வைத்தவர் ஒளு செய்த தண்ணீரை எடுத்துப் பட்டவரின் தலையில் ஊற்றினால் கழியும் என்பது நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. ஆனால் உன் கண்தான் பட்டது, தண்ணீரைத் தா என்று ஒரு மனுசியிடம் எப்படிக் கேட்பது? அதனால் இவள் எட்டுப் பேரையும் கூப்பிட்டிருக்கிறாள். எட்டுப் பேருடைய தண்ணீரையும் சேர்த்து ஊற்றினால் யாருடைய கண்ணாக இருந்தாலும் கழிந்துவிடும், யாருக்கும் மனம் நோகாது. இப்படியொரு புத்தி இவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று அந்த நேரத்திலும் எரிச்சல்பட்டேன்.

எட்டாவது பெண்ணும் கழுவிவிட்டுப் போனாள். தங்கச்சி ஜக்கோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ராத்தா, ஒங்களுக்கு ஒளு இரிக்கா?”

“இரிக்கி. ஊட்ட செஞ்சிட்டுத்தான் வந்தன்.”

அவள் முகம் வாடிப்போனது. “நல்லம்” என்றாள். வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். நான் உள்ளே வந்து பாயில் இருந்தேன். யாசீன் கிதாபைக் கையில் தந்தார்கள். எல்லாரும் ஓதத் தொடங்கினார்கள். எனக்கு எழுத்துக் கண்ணில் நிற்கவில்லை. இந்த அறையில் எட்டுக் குற்றவாளி இல்லை, ஒரு குற்றவாளிதான். அந்த ஒருத்தியின் தண்ணீர் மட்டும்தான் அந்த வாளியில் இல்லை. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. நான் நல்ல ராத்தாவாகவே மவுத்தாகலாம். அவள் தலை மட்டும் மொட்டையாகும்.

கிதாபைக் கண்ணில் ஒற்றி வைத்துவிட்டு எழும்பினேன். பின்பக்கத்தில் அவள் தனியாகக் குந்தியிருந்தாள்.

“எனக்கு ஒளு முறிஞ்சி போச்சி. தண்ணி ஊத்து” என்றேன்.

சுத்தப் பொய். அவளுக்கும் தெரியும் பொய் என்று. எழும்பினாள், பேசனை இழுத்து என் காலடியில் வைத்தாள், ஜக்கைச் சரித்தாள். நான் கையைக் கழுவினேன், வாயைக் கொப்பளித்தேன். மூன்று முறைதான் கழுவ வேண்டும் என்று தெரிந்தும் முகத்தை ஐந்தாறு முறை கழுவினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தண்ணீரை அடித்தேன். ஒளுத் தண்ணீரோடு வேறு தண்ணீரும் சேர்ந்துதான் அந்தப் பேசனில் விழுந்தது. காலைக் கழுவிவிட்டு நிமிரப் போனேன். அவள் ஜக்கை இன்னும் சரித்தபடியே நின்றாள்.

“இன்னொருக்கா வடிவாக் கழுவுங்க ராத்தா” என்றாள்.

கழுவினேன்.

மறுநாள் காலையில் அவள் குளியலறையில் வாளிச் சத்தம் கேட்டது. ஒன்பது பெண்கள் கால் கழுவின தண்ணீர். குளித்துவிட்டு வந்து தலையை உதறும்போது மணல் கொட்டியிருக்கும். அதற்குப் பிறகு மூன்று கிழமை போனது. அவள் புதைக்கப் புதைக்க மாதுளை மரத்தடியில் செங்கல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. முடி கொட்டுவது நிற்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கழுவவேண்டியதையெல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டேன், இன்னும் கொட்டினால் நான் எதைக் கழுவுவது? அவளுடைய அறைக்குள் போய், ஒன்றும் கேட்காமல் முக்காட்டின் குண்டூசியை உருவினேன். நடு வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது. பின்னல், என்னுடைய பின்னலைவிட மெல்லிசு. நாற்பது வருஷமாக நான் ஆசைப்பட்டது. பார்க்கவே முடியவில்லை.

“எழும்பு, டொக்டரிட்டப் போவம்.”

“வேணா ராத்தா...”

“எழும்பு எண்டு சொன்னன்.”

கல்முனையில் தோல் வருத்தம் பார்க்கிற ஒரு பெண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா, நாலு முடியை மெல்ல இழுத்துப் பார்த்தா, எவ்வளவு மெலிந்தாள், எவ்வளவு நாளில், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டா. தங்கச்சி சொல்லச் சொல்ல டொக்டரின் புருவம் உயர்ந்தது.

“ரெண்டு கரண்டிச் சோறும் பிளேன்டீயுமா? முட்டை, மீன் ஒண்டும் இல்ல? உடம்பு கெதியா மெலிஞ்சா, அதுவும் சத்து இல்லாம மெலிஞ்சா, முடி இப்பிடித்தான் கொட்டும். இது வழுக்கை இல்ல, வேர் அப்படியே இருக்கு. கொட்டுற முடி இண்டைக்கு நினைச்சு இண்டைக்குக் கொட்டுறதில்ல. ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தியே கொட்டுறதுக்கு ஆயத்தமாகிடும். நீங்களா மருந்த நிப்பாட்ட வேணாம், எழுதித் தந்த டொக்டரிட்டச் சொல்லுங்க. இரத்தம் ஒருக்காச் சோதிப்பம். பசி இல்லாட்டியும் முட்டை, மீன், பருப்பு சாப்பிடணும். நாலைஞ்சு மாசத்தில புது முடி தெரியும்.”

நான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். கொட்டத் தொடங்கியது கலியாணத்துக்கு அடுத்த மாதம். அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தி என்றால், நான் வாயைத் திறக்கவே இல்லை! அந்த மாமி கேட்கவே இல்லை, சர்பத் தட்டு வரவே இல்லை, அந்த முடி போவதென்று முடிவாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சிலிருந்து ஒரு நெல் மூட்டை இறங்கியது. இறங்கின கையோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சின்னக் குறையும் வந்தது. அவ்வளவு எரிந்தேனே, அதற்கு ஒரு முடியைக்கூட விழுத்துகிற சக்தி இல்லையா என்று.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மெதுவாகத் தொடங்கினேன். “பாத்தியா, ஆருட கண்ணும் இல்ல. சும்மா எட்டுப் பேர அலைக்கழிச்சிட்டாய். மருதமுன மாமியயும் ஆட்டோவில வரவச்சி...”

அவள் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த எட்டுப் பேருட தண்ணி எனக்கென்னத்துக்கு ராத்தா? ஒங்கட ஒராள்ட தண்ணிக்குத்தானே அவ்வளவு பேரயும் கூப்பிட்டன்.”

ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“கலியாண ஊட்ட மாஷா அல்லாஹ் சொல்லாம எழும்பிப் போனீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இரிந்தன். அந்தக் கல்ல மாதுள மரத்துக்கடியில வச்சதும் நீங்கதான். ஒங்கட ஊட்டுச் செங்கல்.”

“அப்ப, நேர என்னட்டக் கேக்கிறதுக்கென்ன?” என்றேன்.

“கேட்டா நீங்க தந்திரிப்பீங்க. மறுகா காலத்துக்கும் என்ட முகத்தப் பாத்திரிக்க மாட்டீங்க. முடி போனா வரும். ராத்தாக்கு நான் எங்க போற?”

நான் அழுதேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான், பார்க்கட்டும். அழுதுகொண்டே எனக்கு இன்னொரு எரிச்சல் வந்தது. இந்த மனதையும் அல்லாஹ் அவளுக்கே கொடுத்திருக்கிறான்! இதற்கு ஊசியும் இல்லை, ஒடுக்கித் தைக்கவும் முடியாது. முடி, இடுப்பு எல்லாவற்றையும்விட அன்றைக்கு நான் அதிகம் பொறாமைப்பட்டது அதற்குத்தான்.

அடுத்த வெள்ளி செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியோடு வந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவளே குத்திக்கொண்டு வயிற்றில் நீலம் நீலமாக வைத்திருந்தாள். ஏசினேன், பிஸ்மி சொல்லிக் குத்தினேன். அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். தினமும் மத்தியானம் இரண்டு முட்டையை அவித்துக்கொண்டு போய், அவள் தின்று முடிக்கும் வரைக்கும் முன்னால் இருந்தேன். என்னுடைய கோழிகள் போட்ட முட்டை. முடியைக் கிளறி எடுத்த அந்தச் சிவப்புப் பேட்டின் முட்டையும் அதில் உண்டு.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளி, ஊசி போட்டு முடிந்ததும், “ராத்தா, ஒரு சாமான் காட்டுறன்” என்று முக்காட்டை நீக்கினாள். நெற்றியோரத்திலும் வகிட்டிலும் குட்டிக் குட்டியாகப் புது முடி. பிறந்து நாற்பது நாள் ஆன பிள்ளையின் தலைமாதிரி. கறுத்து, அடர்ந்து, குத்திட்டு நின்றது. அடர்த்தியைப் பார்த்தால் முன்னையதைவிடக் கூடவே வரும்போல இருந்தது. என் கை தானாகப் போய் என் எலிவாலைத் தடவியது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய ஆள் எழும்பி இருந்துகொண்டாள்.

“மாஷா அல்லாஹ்!” என்றேன், பள்ளிக்கே கேட்கிறமாதிரி.

அவள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். “மனசாலதான் சொன்னீங்களா?”

“பாதி மனசால” என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்தாள், பெட்டியை மூடினாள், கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப, மத்தப் பாதிக்குப் போய் ஒளு செஞ்சிட்டு வாங்க. நான் இரிக்கன்.”

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் பேசனை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன்.